தாழ்குரலைத் தாங்கிய பெட்டி: பேஸ் கிதார் ஆம்ப்ளிஃபையரின் வரலாறு

தோற்றுவாய்

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் முன்னாள் மாணவர் சிலர் இன்னிசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். பாடுவோர் இருவர், தபேலா, கீபோர்டு, கிதார், பேஸ் கிதார் என அமைந்த சிறு குழு அது. பேஸ் கிதார் வாசித்த இளைஞரிடம் கருவி இருந்தது; அதற்குரிய ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஆதலின் வாடகைக்கு வந்த மைக் செட்டில், வேப்ப மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிகளோடு அதனை இணைத்தனர். அவர் விரல்கள் இரண்டு மணி நேரம் ஓயாது உழைத்தன. எனினும் கூடியிருந்தோர் எவர் காதிலும் அவர் வாசிப்பு விழவில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் அவர் என்னிடம் வந்து, “ஐயா, நான் வாசித்தது உங்களுக்குக் கேட்டதா?” என்று வினவினார். ஆசிரியன் பொய் கூறலாகாது. “கேட்கவில்லை, தம்பி” என்றேன்.

அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. அன்று முதல் அக்கருவியைப் பற்றியும், அதன் ஒலியைப் பெருக்கும் பெட்டியைப் பற்றியும் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வந்தேன். படிக்கப் படிக்க, அது ஓர் இயந்திரத்தின் வரலாறாக மட்டும் இல்லை என்பது புலனாயிற்று. கேளாதிருந்த குரல் கேட்கத் தொடங்கிய வரலாறு அது. கேட்கப்படுதல் வேறு, பெயர் சொல்லப்படுதல் வேறு என்பதை உணர்த்தும் வரலாறும் அதுவே. நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு அது பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதலானேன்.

கேளாத குரல்

மேலை நாட்டு இசைக்குழுவில் தாழ்ந்த சுருதியை இசைக்கும் பொறுப்பு நெடுங்காலமாக டபுள் பேஸ் என்னும் பெருங்கருவிக்கு உரியதாக இருந்தது. வயலின் இனத்தைச் சேர்ந்த அது ஆள் உயரத்தினும் மிக்கது. வாசிப்பவர் நின்றுகொண்டே அதனை அணைத்துப் பிடித்து வாசிப்பார். கட்டடத்திற்கு அடித்தளம் எத்தகையதோ, இசைக்குழுவிற்கு அக்கருவி அத்தகையது. அடித்தளத்தைப் போலவே அதனை எவரும் கவனிப்பதில்லை.

1920களிலும் 1930களிலும் அமெரிக்க நடன அரங்குகளில் இசைக்குழுக்கள் பெருகின. டிரம்பெட்டும் சாக்சபோனும் முரசும் ஒருசேர முழங்கும்போது, விரலால் மீட்டப்படும் டபுள் பேஸின் ஒலி அமிழ்ந்து போயிற்று. அதனைச் சுமப்பதும் துன்பமாயிற்று. ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் அதனைக் காரின் கூரைமேல் கட்டி, மழையிலும் வெயிலிலும் கொண்டு சென்றன.

இதற்கு இயற்பியல் சார்ந்த காரணமும் உண்டு. பேஸ் கிதாரிலும் டபுள் பேஸிலும் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. அவ்வொலியலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கும் மிகுதி. மனிதச் செவி இத்தகைய தாழ்ந்த ஒலிகளை உணர்வதில் மந்தமானது. குரலை எளிதில் கேட்கும் நாம், தாழ்சுருதியை அதே அளவில் கேட்க வேண்டுமாயின், பன்மடங்கு ஆற்றல் தேவைப்படுகின்றது. எங்கள் விழாவில் நிகழ்ந்ததும் இதுவே. கூம்பு ஒலிபெருக்கி பேச்சை நெடுந்தொலைவு கொண்டு செல்லும். 41 அதிர்வைக் கொண்டு செல்ல அதனால் இயலாது. குறை அந்த இளைஞரின் விரலில் இல்லை.

ஊன்றுமுளையில் பிறந்த பெயர்

இக்குறையைத் தீர்க்க 1930களிலேயே முயற்சிகள் தொடங்கின. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், கிதாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றை அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் செய்து விற்றார். காலத்தை முந்திய அக்கருவி பரவலாக விலைபோகவில்லை.

1946இல் எவரெட் ஹல் என்னும் இசைக்கலைஞரும், ஸ்டான்லி மைக்கேல் என்னும் மின்னணு வல்லுநரும் கூட்டாக ஒரு தொழிலைத் தொடங்கினர். டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்பதற்கு அதன் அடியில் ஒரு முளை உண்டு. அம்முளைக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தி, அதன்வழி வரும் ஒலியைப் பெருக்கும் கருவியையும் அவர்கள் செய்தனர். ‘ஒலி பெருக்கப்பட்ட முளை’ என்னும் பொருளில் ஆங்கிலச் சொற்கள் இரண்டைச் சுருக்கி ‘ஆம்பெக்’ என்று பெயரிட்டனர். 1949இல் ஹல் தனியே பொறுப்பேற்றபின் அப்பெயரே நிறுவனத்தின் பெயராகவும் நிலைத்தது. ஹல் தாமே பேஸ் வாசித்தவர். வாசிப்பவனின் இடர் அறிந்தவன் செய்த கருவி அது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

ரேடியோ பழுதுபார்த்தவரின் பட்டறை

அடுத்த பெரும் மாற்றம் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் என்னும் ஊரில் நிகழ்ந்தது. லியோ ஃபெண்டர் 1909இல் பிறந்தவர். கணக்கெழுதும் வேலையை இழந்தபின், 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். கிதார் வாசிக்க அவர் இறுதிவரை கற்கவில்லை. ஆயினும் தம் கடைக்கு வந்த இசைக்கலைஞர்கள் சொல்லிய குறைகளைப் பொறுமையுடன் கேட்டார். கேட்டதனால் கற்றார்.

1951இல் அவர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியை வெளியிட்டார். வீணையில் மெட்டுகள் அமைந்திருப்பது போல, அதன் தண்டில் உலோக மெட்டுகள் அமைந்திருந்தன. ஆதலின் விரல் வைக்க வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை, சுருதி பிசகாது. பெயரே துல்லியம் என்னும் பொருள் உடையது. தோளில் வாரிட்டு மாட்டிக்கொள்ளும் அளவிற்கு அது சிறியது.

எனினும் அக்கருவியின் உடல் திண்ணிய மரப்பலகை. மின்சாரம் இல்லையேல் அதன் ஒலி அருகில் இருப்பவருக்கும் கேளாது. ஆதலின் 1952இல் ஃபெண்டர் அதற்கென்றே ‘பேஸ்மேன்’ என்னும் ஆம்ப்ளிஃபையரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்றையும், ஏறத்தாழ 26 வாட் ஆற்றலையும் கொண்டது அது. 1950களின் நடுவில் 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு கொண்டதாகத் திருத்தி அமைக்கப்பட்டது.

ஈண்டு ஒரு கணக்கை நோக்குவோம். அக்கருவியின் விலை ஏறத்தாழ 200 டாலர். அக்காலத்தில் அமெரிக்க நடுவண் சட்டம் வகுத்திருந்த குறைந்த அளவுக் கூலி மணிக்கு 75 சென்ட். நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 5 நாள் உழைக்கும் தொழிலாளி ஒருவர், உணவுக்கும் வாடகைக்கும் ஒரு சென்ட்டும் செலவிடாமல் சேர்த்தால், கிதாரை மட்டும் வாங்க ஆறரை வாரங்களுக்கு மேலாகும். பெட்டிக்கு மீண்டும் சேர்க்க வேண்டும். தொழிற்கருவியைச் சொந்தமாக்கிக்கொள்வது எந்நாட்டிலும் எளியவனுக்கு எளிதன்று.

பெட்டியின் உள்ளே

கருவியை வைத்திருப்பவர் அதன் செயல்முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். தந்தியின் அதிர்வை, அதன் கீழுள்ள காந்தச் சுருள் மிக நுண்ணிய மின்னோட்டமாக மாற்றுகின்றது. பெட்டியின் முன்பகுதி அந்நுண்ணிய ஓட்டத்தை ஓரளவு உயர்த்துகின்றது. தாழ்சுருதி, மேற்சுருதி ஆகியவற்றைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகள் உள்ளன. பின்பகுதி அதனை ஒலிபெருக்கியை அசைக்கத்தக்க வலிமையுடையதாக ஆக்குகின்றது. பழைய ரேடியோப் பெட்டிகளில் நாம் கண்டிருக்கும் வால்வுகளே தொடக்கக் காலத்தில் இப்பணியைச் செய்தன.

வாட் அளவைப் பற்றிப் பலர் மயங்குகின்றனர். 50 வாட் பெட்டியை விட 100 வாட் பெட்டி இரு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று எண்ணுவது தவறு. உயர்வு 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 8 ஓம் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவிற்குக் கீழே அது குறைந்துவிட்டால் பழுது நேரும். வால்வு வகைப் பெட்டியை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்கலாகாது. உள்ளே பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பயிலாதவர் திறத்தல் கூடாது.

எல்லாவற்றினும் முதன்மையானது புவி இணைப்பு. 1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகர மேடையில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, கையில் கிதாருடன் மைக்கைத் தொட்டார். முறையான புவி இணைப்பு இல்லாத மைக் அது. மின்சாரம் தாக்கி மேடையிலேயே வீழ்ந்து உயிர் துறந்தார். மூன்று முனைச் செருகியின் புவிமுனையை முறித்துவிட்டு இரு துளைப் பலகையில் செருகும் வழக்கம் உடையோர் இதனை நினைத்தல் வேண்டும்.

வழியும் மேடையும்

புதிய கருவியைத் தொடக்கத்திலேயே மேடையேற்றியவர்களுள் கறுப்பினக் கலைஞர்கள் முன்னணியில் நின்றனர். லயோனல் ஹாம்ப்டனின் புகழ்வாய்ந்த ஜாஸ் குழுவில் 1952 அளவிலேயே ராய் ஜான்சன் ஃபெண்டர் பேஸை வாசித்தார். அவருக்குப் பின் மங்க் மாண்ட்கோமெரி அப்பொறுப்பை ஏற்றார். டபுள் பேஸில் தேர்ந்த மாண்ட்கோமெரிக்கு இம்மின்கருவியைக் கையில் எடுக்கத் தொடக்கத்தில் மனம் வரவில்லை. வாசித்தே அதன் தகுதியை உணர்ந்தார். பிறரையும் உணரச் செய்தார்.

அக்காலத்துப் பயணங்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘பிரித்து வைப்பினும் சமமாக வைத்தால் போதும்’ என்னும் கொள்கையை ஏற்றுத் தீர்ப்பு அளித்தது. அதன் நிழலில் தென் மாநிலங்களில் உணவு விடுதி, தங்கும் விடுதி, பேருந்து, குடிநீர்க் குழாய் யாவற்றிலும் கறுப்பினத்தவர் விலக்கி வைக்கப்பட்டனர். மேடையில் கைதட்டு வாங்கிய கலைஞன், நிகழ்ச்சி முடிந்தபின் அவ்வூரில் உண்ணவும் உறங்கவும் இடமின்றி அலைந்தான். தபால்காரராகப் பணியாற்றிய விக்டர் கிரீன் என்பவர், கறுப்பினத்தவரை ஏற்கும் விடுதிகளையும் கடைகளையும் ஊர்வாரியாகத் தொகுத்து 1936 முதல் கையேடாக வெளியிட்டார். 1960களின் நடுப்பகுதி வரை அக்கையேடு வந்துகொண்டிருந்தது. கறுப்பினத்தவருக்கெனவே அமைந்த அரங்குகளின் தொடரில் இக்குழுக்கள் ஊர் ஊராக வாசித்துச் சென்றன.

இத்தகைய பயணத்தில், காரின் பின்னறைக்குள் அடங்கும் கருவியும் பெட்டியும் எத்துணை உதவியாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உரிய ஒலியமைப்பு அரங்கில் இல்லையெனினும், தன் ஒலியைத் தானே கொண்டு செல்பவன் பிறர் தயவை எதிர்நோக்க வேண்டியதில்லை.

தொழிற்சங்கங்களும் அந்நாளில் பிரிந்தே இருந்தன. ஒரே நகரில் வெள்ளையருக்கு ஒன்றும் கறுப்பினத்தவருக்கு ஒன்றுமாக இசைக்கலைஞர் சங்கக் கிளைகள் இயங்கின. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1953இலும், சிகாகோவில் 1966இலும் அவை ஒன்றாக இணைந்தன. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடியுரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறிற்று.

டெட்ராய்ட் நகரத்து ஜேமர்சன்

ஜேம்ஸ் ஜேமர்சன் 1936ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், தென் கரோலினாவைச் சேர்ந்த எடிஸ்டோ தீவில் பிறந்தார். 1954இல் தாயுடன் வாழ டெட்ராய்ட் நகருக்கு வந்தார். அங்கு உயர்நிலைப் பள்ளியிலேயே டபுள் பேஸ் வாசிக்கக் கற்றார். பள்ளியில் கிடைத்த கருவி ஒரு மாணவனின் வாழ்வை மாற்றியது என்பதை, ஆசிரியன் என்னும் முறையில் அழுத்திக் கூற விரும்புகின்றேன்.

1959இல் பெர்ரி கார்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று டெட்ராய்டில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் மோட்டவுன் என உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனம் அதுவே. அதன் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு சாதாரண வீட்டில் அமைந்திருந்தது. ஜேமர்சனும் அவருடைய தோழர்களும் அங்குப் பகலில் பதிவுக்கு வாசித்தனர். இரவில் நகரத்து மது அரங்குகளில் வாசித்தனர். கூடத்தில் அவருடைய கருவி பெரும்பாலும் நேரே பதிவுப் பலகையில் இணைக்கப்பட்டது. மேடையிலோ அவர் தம் ஆம்ப்ளிஃபையரை நம்பினார். சிறிய அரங்குகளில் ஆம்பெக் பி-15; பெரிய மேடைகளில் 15 அங்குல ஒலிபெருக்கி இரண்டு கொண்ட கஸ்டம் என்னும் பெட்டி.

பி-15 பற்றி ஒரு சொல். ஜெஸ் ஆலிவர் என்னும் பொறியாளர் வடிவமைத்து 1960இல் வெளிவந்தது அது. ஏறத்தாழ 25 வாட். 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்று. மேல்மூடியோடு இணைந்த மின்பகுதியைப் புரட்டிப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். மேடையில் மீண்டும் புரட்டி நிறுத்தலாம். உருட்டிச் செல்லச் சக்கரப் பலகையும் உண்டு. நாள்தோறும் சுமப்பவனை எண்ணிச் செய்த அமைப்பு என்பதில் ஐயமில்லை.

ஜேமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டினார். தந்தி அறுந்தாலன்றி மாற்றுவதில்லை. அவருடைய வாசிப்பு 1960களில் உலகின் பட்டிதொட்டிகளிலும் வானொலி வழியே ஒலித்தது. ஆயினும் அவ்விசைத்தட்டுகளில் பாடியவர் பெயரே இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை. கோடிக்கணக்கானோர் அவரைக் கேட்டனர். எவரும் அவரை அறியவில்லை. மார்வின் கே 1971இல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்னும் இசைத்தட்டின் உறையில்தான் ஜேமர்சன் பெயர் சிறப்புடன் அச்சேறியது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இடம் பெயர்ந்தது. டெட்ராய்டில் வாசித்தோர் பலர் வேலையிழந்து நின்றனர். ஜேமர்சன் பின்தொடர்ந்து சென்றார். எனினும் பழைய இடம் அவருக்குக் கிட்டவில்லை.

1983இல் அந்நிறுவனம் தன் வெள்ளிவிழாவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகக் கொண்டாடியது. அவ்விழாவிற்கு ஜேமர்சன் நுழைவுச்சீட்டு விலைக்கு வாங்கிப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தம் 47ஆம் வயதில் அவர் காலமானார். நெடுநாள் வாசித்த கிதார், இறப்பதற்குச் சில நாள் முன்பே களவு போயிற்று, மீளவில்லை. அவருடைய வாசிப்பை விளக்கும் நூல் 1989இல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் ராக் இசைக்கான புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அவரையும் அவர் தோழர்களையும் பற்றிய ஆவணப்படம் 2002இல் வந்தது. கேட்க வேண்டியவர் இல்லாத காலத்தில் பாராட்டு வந்து சேர்ந்தது.

நம் சங்கமும் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் இச்செய்தியைப் படித்தபோது என் நெஞ்சம் கலங்கியது.

எடை கூடியதும் குறைந்ததும்

அரங்குகள் பெரிதாக, பெட்டிகளும் பெரிதாயின. 1969இல் ஆம்பெக் நிறுவனம் ‘எஸ்.வி.டி.’ என்னும் 300 வாட் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டது. அதில் வால்வுகள் 14. தலைப்பகுதி மட்டும் ஏறத்தாழ 40 கிலோ. 10 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டுக் கொண்ட பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப் பயணத்தில் இதனைப் பயன்படுத்தியது. இதற்கு முன்பே, 1962இல் லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவர் உதவியாளர்களும் ஃபெண்டர் பேஸ்மேனைப் பின்பற்றித் தம் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தனர். இறக்குமதி விலை கட்டுக்கடங்காதபோது, பிறர் செய்ததைப் பிரித்தறிந்து தாமே செய்துகொண்டனர்.

பின்னர் வால்வுக்கு மாற்றாக டிரான்சிஸ்டர் வந்தது. இந்நூற்றாண்டில் ‘டி வகுப்பு’ என்னும் முறை பரவிற்று. மின்னோட்டத்தை மிக விரைவாகத் திறந்தும் மூடியும் பெருக்குவதால், வீணாகும் வெப்பம் குறைகின்றது. பெரிய மின்மாற்றியும் வேண்டுவதில்லை. இன்று 500 வாட் பெட்டி இரண்டு, மூன்று கிலோ எடையில் கிடைக்கின்றது. பேருந்தில் மடியில் வைத்துச் செல்லலாம்.

முடிவுரை

இளைஞர்களே! இவ்வரலாற்றினின்று நாம் பெறத்தக்கவை மூன்று. முதலாவது, தொழிற்கருவி உழைப்பவனுக்குச் சொந்தமாதல் வேண்டும். இரவல் பெட்டியில் நம் குரல் நமக்கே கேளாது. இரண்டாவது, கருவியின் உட்பொருளையும் கற்றல் வேண்டும். வாட், ஓம், புவி இணைப்பு ஆகியவற்றைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் மனப்பாடம் செய்து மறப்போர் பலர். மேடையில் உயிர் காப்பவை அவையே. மூன்றாவது, உழைத்தவர் பெயர் எழுதப்படுதல் வேண்டும். ஜேமர்சனுக்குப் பெட்டி இருந்தது, ஒலி இருந்தது, உலகமே கேட்டது. ஏட்டில் பெயர் மட்டும் இல்லை. ஒலியைப் பெருக்கப் பெட்டி போதும். பெயரை நிலைநிறுத்த எழுத்து வேண்டும், எழுதுவோர் வேண்டும்.

அன்று என்னிடம் வினவிய மாணவர் இன்று நடுவயதினர். பகலில் தையற்கடை, மாலையில் கச்சேரி. பல ஆண்டு சேமித்துப் பழைய பேஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கியுள்ளார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றார். ஊர், நாள், பெற்ற ஊதியம் ஆகியவற்றோடு, வாசித்தோர் பெயரும், பெட்டியைத் தூக்கி ஏற்றிய சிறுவரின் பெயரும் அதில் உள்ளன. சென்ற ஆண்டு விழாவில் அவர் மீண்டும் எங்கள் பள்ளியில் வாசித்தார். நான் வழக்கம்போல் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் என்னருகே வந்தார். வினவுவதற்கு முன்பே நான் கூறினேன்: “கேட்டது, தம்பி. நன்றாகக் கேட்டது.”